வெள்ளவத்தை பல்கனியில் ஒரு கணவாய் செய்த விதம்

எங்கள் தொடர்மாடியின் நிலத்தடித் தண்ணீர்த் தொட்டியில் எங்கோ ஒழுக்கு. இரவு பம்பை நிற்பாட்டினால் விடியும்போது நாலு விரற்கடை குறைந்திருக்கும். இறைத்துவிட்டு ஆளை இறக்கிப் பார்ப்பதென்றால் இருபத்தெட்டு வீட்டுக்கும் ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் இல்லை. கூட்டத்தில் செயலாளர் அன்ரி என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீர் ஊரெல்லாம் கமரா பூட்டுறீர். உதுக்குள்ளயும் ஒண்டை விட்டுப் பாருமன்."

தும்புத்தடியில் கமராவைக் கட்டி விட்டுப் பார்த்தேன். தொட்டி வாய்க்கு நேர் கீழே இருந்த சுவர் தெரிந்தது, அவ்வளவுதான். தொட்டி ஆறு மீற்றர் நீளம். தூர மூலைக்குப் போய்த் திரும்பிப் பார்க்க வேண்டுமென்றால் கமரா நீந்த வேண்டும். அப்படித்தான் இந்தச் சாமான் தொடங்கியது. மேலே நிற்கிற ஆள் வயர் வழியாக ஓட்டுகிற, ஆளில்லாத சின்ன நீர்மூழ்கி. ஆங்கிலத்தில் ஆர்ஓவி என்பார்கள். உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கிற என் மருமகன், அது வயர்களைப் பின்னால் இழுத்துக்கொண்டு போகிற கோலத்தைப் பார்த்து 'கணவாய்' என்று பெயர் வைத்தான். நான் கமரா பூட்டுகிறவன். கணக்கு முழுக்க அவனுடையது.

மூன்று தரம் பிரித்துக் கட்டியாகிவிட்டது. இங்கே எழுதுவது மூன்றாவதை. முதல் இரண்டிலும் என்ன பிழை விட்டேன் என்பது இடையிடையே வரும்.

உள்ளே என்ன போகக்கூடாது

முதல் கணவாயில் எல்லாவற்றையும் ஒரு சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்து மூடினேன். லிதியம் பற்றரி, கட்டுப்பாட்டுப் பலகை, வைஃபை கமரா. மூடி ஓரம் முழுக்க சிலிக்கன். நீலப் பரலுக்குள் இறக்கினேன். ஒரு முழம் போகவில்லை, படம் போய்விட்டது. வைஃபை அலையைத் தண்ணீர் குடித்துவிடும். நீருக்குள் ரவுட்டரும் போனும் ஒன்றையொன்று காணாது. கால் மணி நேரத்தில் பெட்டிக்குள் தண்ணீர். வெளியே எடுத்துத் திறந்தபோது பற்றரி முனையில் நுரை. அதைத் தூக்கி மணல் வாளிக்குள் போட்டுவிட்டு இருவரும் படியில் போய் நின்றோம்.

அதற்குப் பிறகு எனக்கு ஒரே சட்டம்: கீழே போகிற சாமானில் காய்ந்திருக்க வேண்டிய இடம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. பற்றரி மேலே. சுவிச் மேலே. திரை மேலே. கீழே போவது நனையப் பிறந்த மூன்று மோட்டரும், எப்பொக்சிக்குள் புதைத்த ஒரு கமராவும் மட்டும். சட்டக் குழாய்க்குள் தண்ணீர் தாராளமாகப் போகட்டும். காற்று அடைபட்ட ஒவ்வொரு இடமும் ஒழுகப் பார்க்கிற இடம். பத்து மீற்றர் இறங்கினால் அமுக்கம் இன்னும் ஒரு வளிமண்டலம் கூடும். அதாவது ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றரிலும் ஒரு கிலோ ஏறி உட்காரும். 50 மில்லிமீற்றர் வட்டக் கண்ணாடியில் அது கிட்டத்தட்ட இருபது கிலோ. சிலிக்கனை அதோடு மல்லுக்கட்ட விடக்கூடாது.

230 வோல்ற்று மின்சாரம் தண்ணீர்க்கரைக்கு வரவே கூடாது. 12 வோல்ற்றுப் பற்றரி மட்டும். அடப்ரர், சார்ஜர், எக்ஸ்ரென்சன் வயர் எதுவும் வேண்டாம். சார்ஜ் பண்ணுவது வீட்டில்.

சாமான் வாங்க

விலை எழுதவில்லை. 2022க்குப் பிறகு நான் எழுதி வைத்த எந்த விலையும் அடுத்த மாதம் உண்மையாக இருந்ததில்லை.

சட்டத்துக்கு முக்கால் இஞ்சி எஸ்லோன் (பிவிசி) பைப், எல்போ, ரீ. எந்த ஹார்ட்வெயாரிலும் உண்டு. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் கமரா, சின்னத் திரை, வயர், பியூஸ் எல்லாம் ஒரே நடையில் முடியும். மோட்டருக்குப் படகுச் சாமான் விற்கிற கடைக்குப் போங்கள். மீன்பிடிப் படகின் அடியில் சேருகிற தண்ணீரை இறைக்கிற பில்ஜ் பம்ப், 12 வோல்ற்று, சின்ன அளவு, மூன்று. மோட்டர் தனியாகக் கழற்றி மாற்றக்கூடிய வகையாகப் பார்த்து வாங்க வேண்டும். தண்ணீரில் கிடந்து வேலை செய்யவே செய்த மோட்டர், அச்சில் நல்ல சீல் வைத்தது. விளையாட்டுச் சாமான் மோட்டரை மெழுகில் புதைத்துச் செய்கிறவர்களும் உண்டு, மலிவு. ஆனால் இரண்டாவது கணவாயில் அப்படிச் செய்து இரண்டு வாரத்தில் துருவாகப் பார்த்தேன்.

சுவிச்சுக்குப் பஞ்சிகாவத்தை. இது நானே கண்டுபிடித்தது, அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். மோட்டரை முன்னும் பின்னும் சுற்ற வைக்க முனையை மாற்றிக் கொடுக்கிற சுவிச் வேண்டும்; கையை எடுத்தால் நடுவுக்கு வந்து நிற்க வேண்டும்; பல அம்பியர் தாங்க வேண்டும். இந்த மூன்றையும் செய்கிற சாமான் ஒவ்வொரு காரின் கதவிலும் இருக்கிறது: கண்ணாடியை ஏற்றி இறக்குகிற பவர் சட்டர் சுவிச். பாவித்தது மூன்று வாங்குங்கள். சாரதிப் பக்கத்து நாலு சுவிச் பலகை வேண்டாம், அதற்குள் பூட்டும் தானியங்கிச் சுற்றும் இருக்கும். பயணிப் பக்கத்துத் தனிச் சுவிச்சைக் கேளுங்கள். கடைக்காரர் "என்ன கார்?" என்று கேட்பார். "கார் இல்லை, தண்ணிக்குள்ள ஓட்ட" என்றேன். மூன்றையும் சும்மா பார்க்கத் தந்து, தேநீரும் தந்தார்.

சட்டம்

நீளம் 40, அகலம் 30, உயரம் 25 சென்ரிமீற்றர். பெட்டி மாதிரி எட்டு மூலை. பசை போடாமல் முதலில் இறுக்கிப் பொருத்துங்கள். கடைசி வரை மாற்றம் வரும். எங்களுடையதில் இன்றைக்கும் பாதி மூட்டுக்குப் பசை இல்லை, ஒவ்வொரு ஆணிதான்.

ஒவ்வொரு குழாயிலும் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக ஆறு மில்லிமீற்றர் துளை. இறக்கும்போது காற்று மேல் துளையால் போகும், தூக்கும்போது தண்ணீர் கீழ் துளையால் வடியும். துளை சின்னதென்றால் குமிழி ஒன்று உள்ளே தங்கி, அங்குமிங்கும் ஓடி, சாமானைக் குடிகாரனாக்கும். கடலில் விட்டு எடுத்த பிறகு இந்தத் துளைகளால் என்னவெல்லாம் வரும் என்று பார்ப்பதே ஒரு பொழுதுபோக்கு. ஒரு தரம் கல்கிசையில் விட்டுக் கழுவும்போது சின்ன வெள்ளை மணிகள் நாலைந்து விழுந்தன. 2021இல் எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்தபோது கரையெல்லாம் பரவிய அதே பிளாஸ்ரிக் மணி.

மோட்டர்

பம்பின் கீழ்க்கூட்டைக் கழற்றினால் அச்சில் சின்ன விசிறி ஒன்று இருக்கும். அதை ஆறுதலாக நெம்பி எடுங்கள்; சுத்தியலால் தட்டினால் சீல் போய்விடும். வெளியே வருகிற அச்சின் விட்டத்தைக் கலிப்பரால் அளந்து, அதற்கேற்ற பித்தளைப் பிடி ஒன்றும் விளையாட்டுப் படகின் மூன்று இதழ் விசிறி ஒன்றும் பூட்டுங்கள். விசிறி விட்டம் 50 மில்லிமீற்றர் போதும். பெரிய விசிறி போட்டால் அதிகம் தள்ளும் என்ற ஆசை எனக்கும் வந்தது. போட்டேன். ஓட்டம் 3 அம்பியரிலிருந்து 6க்கு ஏறி, மோட்டர் கையில் பிடிக்க முடியாமல் சுட்டது. எந்த விசிறி போட்டாலும் வாளித் தண்ணீருக்குள் வைத்து மீற்றரால் அளந்து பாருங்கள். வெளியே காற்றில் ஓட விடாதீர்கள். சீல் தண்ணீரால்தான் குளிரும்.

இரண்டு மோட்டர் பின்பக்கம், இடமும் வலமும், 25 சென்ரிமீற்றர் இடைவெளியில், உயரத்தின் நடுவில். மிக மேலே வைத்தால் முன்னுக்குப் போகும்போது மூக்கைக் குத்தும்; மிகக் கீழே வைத்தால் மூக்கைத் தூக்கும். மூன்றாவது மோட்டர் சட்டத்தின் நட்ட நடுவில், செங்குத்தாக. அதற்கு மேலும் கீழும் வழி திறந்திருக்கட்டும்.

விசிறியைச் சுற்றிப் பெரிய பைப்பிலிருந்து வெட்டிய வளையம் ஒன்று காவலாக வேண்டும். உங்கள் விரலுக்கும், உங்கள் வயருக்கும்.

மேல் பெட்டி

பயணிப் பக்கத்துப் பவர் சட்டர் சுவிச்சில் பொதுவாக ஐந்து கால். ஒன்று 12 வோல்ற்று வருகிற கால். இரண்டு மோட்டருக்குப் போகிற கால். மீதி இரண்டும் காரில் சாரதிச் சுவிச்சிலிருந்து வருபவை. அந்த இரண்டையும் சேர்த்துப் பற்றரியின் மறை முனைக்குக் கொடுங்கள். சுவிச் நடுவில் நிற்கும்போது மோட்டரின் இரண்டு முனையும் மறையில் இருக்கும், சுற்றாது. ஒரு பக்கம் அழுத்தினால் ஒரு முனைக்கு 12 வோல்ற்று, மறுபக்கம் அழுத்தினால் மற்றதற்கு. எது எந்தக் கால் என்று ஊகிக்காதீர்கள். மீற்றரைப் பீப் சத்தத்தில் வைத்துத் தொட்டுத் தொட்டுக் கண்டுபிடியுங்கள். ஆறாவது கால் ஒன்று இருந்தால் அது அனேகமாக விளக்குக்கானது.

பற்றரி, யூபிஎஸ்ஸில் இருக்கிற 12 வோல்ற்று 7 அம்பியர்மணி வகை. சீல் பண்ணியது, சாய்ந்தாலும் ஊற்றாது. எல்லா மோட்டரையும் ஒரே நேரத்தில் யாரும் ஓட்டுவதில்லை. எங்களுக்கு ஒரு பற்றரி முக்கால் மணி நேரம் வருகிறது. பற்றரி முனையிலிருந்து ஒரு சாண் தள்ளி 15 அம்பியர் பியூஸ், ஒவ்வொரு மோட்டருக்கும் தனியாக 5 அம்பியர். விசிறியில் பாசி சுற்றி மோட்டர் இறுகினால் மோட்டருக்கு முதல் பியூஸ் போக வேண்டும்.

பெட்டி மூடி கண்ணாடி மாதிரித் தெரிகிற பிளாஸ்ரிக்காக இருக்கட்டும். ஏன் என்று கடற்கரைப் பகுதியில் சொல்கிறேன்.

வயர்: இங்கேதான் எல்லாரும் கவிழ்வது

என்னிடம் வேலைகளில் மிஞ்சிய கற்5 (கணினி வலையமைப்புக்குப் போடுகிற) வயர் பெட்டி பெட்டியாகக் கிடக்கிறது. எட்டு வயர் இருக்கிறதே, மோட்டருக்கு ஆறு, கமராவுக்கு இரண்டு என்று சந்தோசமாகக் கட்டினேன். பல்கனியில் ஒரு மீற்றர் வயரில் சீறிப் பாய்ந்த மோட்டர், 15 மீற்றர் வயரின் நுனியில் நோயாளி மாதிரிச் சுற்றியது. மருமகன் கொப்பியை எடுத்தான். அந்த மெல்லிய செம்பு மீற்றருக்கு 0.085 ஓம் அளவு. போக 15, வர 15, மொத்தம் 30 மீற்றர், 2.5 ஓம். 3 அம்பியர் ஓடினால் 7.5 வோல்ற்று வயரிலேயே செலவு. பன்னிரண்டில் நாலரைதான் மோட்டருக்கு மிச்சம். "மாமா, நீங்க தண்ணியைச் சூடாக்கிற வயர் போட்டிருக்கிறியள்."

0.75 சதுர மில்லிமீற்றர் இரட்டை வயர் போட்டால் அதே 30 மீற்றருக்கு 0.7 ஓம், இழப்பு 2 வோல்ற்றுச் சொச்சம். அது பரவாயில்லை. மூன்று மோட்டருக்கு மூன்று இரட்டை. பல இழை உள்ள மெதுவான வயராக இருக்க வேண்டும். வீட்டுச் சுவருக்குள் ஓடுகிற ஒற்றைக் கம்பி வயர் போட்டால் கணவாய் விறைத்த வாலோடு நீந்தப் பார்க்கும். கற்5 ஒன்று கூடவே போகட்டும், கமராவுக்கு மட்டும்: ஒரு சோடி படத்துக்கு, ஒரு சோடி 12 வோல்ற்றுக்கு. படச் சோடியின் இரு நுனியிலும் நாங்கள் சிசிரிவி வேலையில் போடுகிற குட்டி வீடியோ பலன் (balun, படத்தைச் சோடி வயரில் அனுப்ப உதவுகிற இணைப்புத் துண்டு) ஒவ்வொன்று. கீழ் நுனியில் வருவதைக் கமராவோடு சேர்த்துப் புதைத்துவிடலாம். கமராவின் மின்சாரத்தை மோட்டர் வயரிலிருந்து திருடாதீர்கள். மோட்டர் சுற்றும்போதெல்லாம் படத்தில் கோடு விழும்.

எல்லாவற்றோடும் நாலு மில்லிமீற்றர் நைலோன் கயிறு ஒன்றைச் சேர்த்து, ஒவ்வொரு அரை மீற்றருக்கும் கேபிள் ரை போடுங்கள். கயிறு வயரைவிடக் கொஞ்சம் நீளம் குறைவாக இருக்க வேண்டும். இழுவை கயிற்றுக்கு, மின்சாரம் வயருக்கு. கயிறு சட்டத்தின் பின் நடுக் குழாயில் முடிச்சு. வயரைப் பிடித்துக் கணவாயைத் தூக்கினால், இன்றைக்கில்லாவிட்டால் நாளைக்கு மூட்டு ஒன்று விடும்.

செம்பு வயர் தாழும். அதை மிதக்க வைக்க ரெஜிபோம் (வெள்ளைப் போம்) துண்டு கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்; அது உதிர்ந்து கடலெல்லாம் வெள்ளைப் பொரியாகும். மீன் வலைக்குக் கட்டுகிற, நடுவில் துளை உள்ள சின்ன மிதப்புகள் அதே படகுக் கடையில் கிடைக்கும். ஒரு மீற்றருக்கு ஒன்று என்று தொடங்கி, தண்ணீரில் போட்டுப் பார்த்துக் கூட்டிக் குறையுங்கள்.

வயர் சிக்குவது எங்களுக்கு மட்டும் வருகிற சோதனை இல்லை. 1966இல் ஸ்பெயினின் பலோமாரெஸ் கரைக்கு அப்பால், 800 மீற்றருக்கும் அதிக ஆழத்தில், விமான விபத்தில் விழுந்த ஐதரசன் குண்டு ஒன்றை எடுக்க அமெரிக்கக் கடற்படை கேர்வ் என்கிற வண்டியை இறக்கியது. இந்த வகை வண்டிகளுக்கெல்லாம் அது மூத்த தாத்தா. குண்டின் பரசூட்டில் அதுவே போய்ச் சிக்கிக்கொண்டது. கடைசியில் குண்டையும் வண்டியையும் ஒன்றாகத்தான் தூக்கினார்கள். ஆகவே முதல் நாளே சிக்கினால் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கமரா

சிசிரிவி கமராப் பெட்டியில் 'வோட்டர் புரூப்' என்று போட்டிருப்பது மழைக்கு. மூழ்குவதற்கு அல்ல. இதைத் தொழிலில் தினமும் சொல்கிறேன்.

காரின் பின்பக்கக் கமரா ஒன்று எடுங்கள்: சின்னது, 12 வோல்ற்று, அனலொக் படம். 50 மில்லிமீற்றர்ப் பைப்பில் ஆறு சென்ரிமீற்றர் துண்டு. ஒரு வாயில் ஐந்து மில்லிமீற்றர் அக்ரிலிக் வட்டம், எப்பொக்சியால் ஒட்டியது. ஒட்டுகிற இடமெல்லாம் அரத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்குங்கள். கமராவின் முகத்தைச் சுற்றி றப்பர் வளையம் வைத்து, கண்ணாடியோடு சாய்த்து நிறுத்தி, பின்னாலிருந்து எப்பொக்சி ஊற்றுங்கள். கண்ணுக்கு முன்னால் தீப்பெட்டி அளவு காற்றுத்தான் மிஞ்ச வேண்டும்.

ஒரேயடியாக ஊற்றாதீர்கள். எப்பொக்சி இறுகும்போது சூடு வரும். கொழும்பு வெயிலில், தடிப்பாக ஊற்றினால் கொதித்து வெடிக்கும். ஒரு கமராவை அப்படி வேகவைத்திருக்கிறேன். ஒரு சென்ரிமீற்றர் ஊற்றி, ஆற விட்டு, அடுத்தது. பைபர் கடையில் பொலியெஸ்ரர் ரெசினை மலிவு என்று நீட்டுவார்கள். வேண்டாம், அது சுருங்கி ஓரத்தில் இடைவெளி விடும்.

இனி எவரும் சொல்லித் தராத ஒன்று. வயரின் மேலுறைக்குள், இழைகளுக்கு நடுவே, தண்ணீர் விளக்குத்திரியில் எண்ணெய் ஏறுவதுபோல ஏறும். வெளியே எங்கோ சின்னக் கீறல் இருந்தால் போதும். எப்பொக்சிக்குள் போகிற வயருக்குள்ளாலேயே நடந்து கமராவைப் போய்ச் சேரும். அதனால் எப்பொக்சிக்குள் புதைகிற இடத்தில் ஒவ்வொரு வயரின் உறையையும் ஒரு சென்ரிமீற்றர் உரித்து, வெறும் செம்பில் பற்றாசு ஊற்றி இழைகளை ஒன்றாக்கி, வயர்களை ஒன்றோடொன்று முட்டாமல் பிரித்து வைத்துப் புதையுங்கள். தண்ணீர் அங்கே வந்து சுவரில் முட்டி நிற்கும். மோட்டர் மூட்டுகளுக்கும் இதேதான். அவற்றை ஒவ்வொரு மருந்துக் குப்பிக்குள் வைத்து எப்பொக்சி நிரப்பினோம்.

பின்பக்கக் கமரா படத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம் வலம் மாற்றிக் காட்டும். புதைக்க முதலே அதை மாற்ற வேண்டும். பலவற்றில் வயரில் சின்ன வளையம் ஒன்று இருக்கும், அதை வெட்டினால் நேராகும். இன்னொரு வளையம் பார்க்கிங் கோடுகளுக்கு. எனக்கு இது புதைத்த பிறகுதான் நினைவு வந்தது. முதல் நாள் மருமகன் வலப்பக்கம் திருப்பத் திருப்ப இடப்பக்கச் சுவரில் போய் இடித்தான், திரையில் சிவப்பு மஞ்சள் கோட்டோடு. பிறகு இடது வலது மோட்டர் வயர்களைச் சுவிச்சில் மாற்றிக் கொடுத்துச் சமாளித்தோம். ஓட்டம் சரியாகிவிட்டது. எழுத்து ஏதாவது தெரிந்தால் மட்டும் இன்றைக்கும் இடம் வலம் மாற்றித்தான் வாசிக்க வேண்டும்.

விளக்கு வைப்பதென்றால் கமராவுக்கு ஒட்டி வைக்காதீர்கள். மிதக்கிற தூசியெல்லாம் பனிமழையாகத் தெரியும். சட்டத்தின் இரு ஓரத்திலும், உள்ளே சாய்த்து.

மேல்மாடித் தொட்டியால் சோதனை

கமரா கூடு பத்து மீற்றர் தாங்குமா என்று பார்க்கப் பத்து மீற்றர் ஆழம் தேவையில்லை. எங்கள் தொடர்மாடி ஐந்து தட்டு. தண்ணீர்த் தாங்கி கூரையில். கீழ்த்தட்டுக் குழாய்க்கும் அதற்கும் 15 மீற்றர் உயரம், அதாவது ஒன்றரை வளிமண்டலம். கண்டுபிடித்தவன் மருமகன். வீட்டுப் பாடத்தில் வந்த கணக்காம்.

90 மில்லிமீற்றர் அமுக்கப் பைப் துண்டு ஒன்று, ஒரு பக்கம் பசை போட்ட மூடி, மறுபக்கம் திருகு மூடி, அதில் குழாய்க்கு ஒரு இணைப்பு. கழிவுநீர்ப் பைப் பாவிக்காதீர்கள், தடிப்புப் போதாது. கூட்டை, மின்சாரம் கொடுக்காமல், உள்ளே போட்டு, ஒரு குமிழி காற்றுக்கூட இல்லாமல் தண்ணீர் நிரப்பிய பிறகே குழாயைத் திறவுங்கள். அடைபட்ட காற்று இருந்து மூடி கழன்றால் அது குண்டு மாதிரிப் பாயும். தண்ணீர் மட்டும் என்றால் 'சக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அந்தக் குழாய் மேல் தொட்டியிலிருந்து இறங்குவதுதானா, தெருக் குழாயா என்று முதலில் பாருங்கள். ஒரு இரவு விடுங்கள். காலையில் கண்ணாடிக்குப் பின்னால் பனிப்பூச்சு இருந்தால் திரும்பவும் தொடக்கத்திலிருந்து.

மிதப்பு

மோட்டரும் கமராவும் இரண்டு வார இறுதியில் முடிந்தன. மிதப்புச் சரிசெய்ய ஒரு மாதம் போனது.

கணவாய் மிதக்கவும் கூடாது, தாழவும் கூடாது. கொஞ்சம், ஒரு தேநீர்க் கோப்பைத் தண்ணீரின் எடையிலும் குறைவாக, மேலே வரப் பார்க்க வேண்டும். அப்போதுதான் வயர் அறுந்தாலும் திரும்பி வரும். அடியைப் பார்க்கும்போது மேலே எழும்ப மோட்டரை அடிக்கடி அழுத்திச் சேற்றைக் கலக்கவும் தேவை வராது.

மேலே இரண்டு மிதப்புக் குழாய்: 50 மில்லிமீற்றர்ப் பைப், ஒவ்வொன்றும் 30 சென்ரிமீற்றர், இரு முனையும் மூடிப் பசை போட்டது. ஒவ்வொன்றும் 590 கன சென்ரிமீற்றர் அளவு தண்ணீரை விலக்கும். தன் எடை போக மிச்சம் மேலுதைப்பு. கடினமான குழாய் என்பதால் ஆழத்தில் சுருங்காது. மெதுவான போம் போட்டால் மேலே சரியாக நின்ற சாமான் கீழே போகப் போகப் பாரமாகும்.

எடை கீழ்க் குழாய்களில். ரயர் கடையில் சக்கரத்துக்கு வைக்கிற ஈயத்துண்டு கேட்டால் பழையதைத் தருவார்கள். தொட்டு முடித்தால் கையைக் கழுவுங்கள். குடிநீர்த் தொட்டிக்குள் ஈயம் வேண்டவே வேண்டாம். அதற்குத் துருப்பிடிக்காத நட்டுகள் கட்டினோம். மிதப்பு மேலே, எடை கீழே என்பதை மாற்றினால் கணவாய் உடனே குட்டிக்கரணம் போடும்.

அளப்பதற்கு மீன் நிறுக்கிற கைத்தராசு. கணவாயை அதில் தொங்க விட்டுத் தண்ணீருக்குள் முழுக்க அமிழ்த்துங்கள். தராசு 150 கிராம் காட்டினால் அவ்வளவு தாழ்கிறது. பூச்சியம் காட்டி மேலே மிதந்தால், எடை சேர்த்துச் சேர்த்து எப்போது தாழத் தொடங்குகிறது என்று பாருங்கள். முன்பக்கம் கமராப் பாரத்தால் குனிந்தால் மிதப்புக் குழாயை இரண்டு விரல் முன்னுக்கு நகர்த்துங்கள். பொறுமை இல்லாதவர்கள் இந்த இடத்தில் மோட்டரின் பலத்தால் சமாளிக்கப் பார்ப்பார்கள். சமாளிக்கலாம், ஆனால் பற்றரி பதினைந்து நிமிடத்தில் முடியும்.

நீச்சல் குளத்தில் இம்மி பிசகாமல் நின்ற எங்கள் கணவாய், கல்கிசைக் கடலில் தக்கை மாதிரி மிதந்து சிரித்தது. கடல் நீர் நன்னீரைவிட இரண்டரை வீதம் அடர்த்தி. 3.2 கிலோ கணவாய்க்கு 80 கிராம் கூடுதல் எடை வேண்டும். இப்போது 'கடல்' என்று எழுதிய சின்னப் பை ஒன்றில் 80 கிராம் ஈயம் தனியாக வைத்திருக்கிறோம்.

எங்கே விடுவது

முதலில் பரல். பிறகு, கேட்டு அனுமதி வாங்கி, ஒரு குளம். பேரை வாவியில் விட்டுப் பார்த்தோம், சும்மா ஆசைக்கு. திரையில் பச்சைப்பயற்றுக் கஞ்சி தெரிந்தது. கஞ்சிக்குள் எது மேல், எது கீழ் என்றே தெரியவில்லை. வயரைப் பிடித்து இழுத்து எடுத்தோம். வெள்ளவத்தைக் கால்வாய்ப் பக்கம் போகாதீர்கள், முதலை கண்டதாகச் செய்தி வந்த இடம்.

கடலென்றால் டிசம்பரிலிருந்து மார்ச் வரை, விடியற்காலையில். மே மாதத்தில் தென்மேல் பருவக்காற்று தொடங்கினால் செப்ரெம்பர் வரை இந்தப் பக்கக் கடல் அலையும் சேறும்தான். பாறைக்கு மேல் நின்று விடுவதைவிடத் தெரிந்தவரின் படகிலிருந்து விடுவது நல்லது. துறைமுகத்தின் அருகே மறந்தும் போகவேண்டாம். நான் எட்டு மீற்றருக்குக் கீழே விட்டதில்லை. பில்ஜ் பம்பின் சீல் அதற்கு மேல் எவ்வளவு தாங்கும் என்று என் காசில் பார்க்க மனமில்லை.

இரண்டு பேர் வேண்டும். ஒருவர் திரையைப் பார்த்து ஓட்ட, மற்றவர் வயரை விட்டு இழுக்க. வயர்க்காரர்தான் முக்கியம். தளர விட்டால் சிக்கும், இறுக்கினால் கணவாய் நாய் மாதிரி இழுபடும். வெயிலில் திரை தெரியாது. நான் பழைய கறுப்புக் குடையும் சாரமும் வைத்து ஒரு கூடாரம் போடுகிறேன்.

பெட்டி மூடி ஏன் கண்ணாடியாக இருக்க வேண்டும் என்றேனே. பற்றரி, வயர், சுவிச் உள்ள பெட்டியோடு கடற்கரையில் குந்தியிருக்கிற தமிழனிடம் ஒரு சீருடைக்காரர் வருவார். வந்தார். "மே மொக்கத?" இது என்ன என்று சிங்களத்தில் கேட்டார். நான் மூடியைத் திறக்காமலே உள்ளே காட்டினேன், பிறகு திரையைக் காட்டினேன். அதில் அப்போது வரிக்குதிரை மாதிரிக் கோடு போட்ட மீன் கூட்டம் ஒன்று. பத்து நிமிடம் அவரே ஓட்டினார், மருமகனைவிட நன்றாக. அடையாள அட்டையும் பார்த்துவிட்டுத்தான் போனார்.

வீட்டுக்கு வந்ததும் நன்னீர்ப் பரலில் போட்டு மூன்று மோட்டரையும் ஐந்து நிமிடம் ஓட்டுங்கள். மேலால் குழாய்த் தண்ணீர் அடித்தால் அச்சுக்குள் இருக்கிற உப்புப் போகாது. விசிறிப் பிடியைக் கழற்றித் துடைத்து, கிறீஸ் தொட்டுப் பூட்டுங்கள். வயரை எட்டு வடிவத்தில் மடியுங்கள். வட்டமாகச் சுற்றினால் அடுத்த முறை முறுக்கோடு இறங்கும்.

தொட்டிக்குள்

தொட்டியை இறைத்துக் கழுவுகிற நாளுக்கு முதல் நாள் காலை, தொட்டிப் பம்பின் மெயின் சுவிச்சை நிற்பாட்டிப் பூட்டி, சாவியை என் பொக்கற்றில் போட்டேன். கூரைத் தாங்கி நிறைந்திருந்ததால் வீடுகளுக்குத் தண்ணீர் இருந்தது. கணவாயைச் சவர்க்காரத்தால் கழுவி, குளோரின் தண்ணீரில் ஊற வைத்து, கிறீஸ் துடைத்து இறக்கினோம்.

சுவரில் கீறல் ஒன்றா இரண்டா, பதினேழு இருந்தன. எது ஒழுகுகிறது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது. அதற்குத்தான் மீன் தொட்டிக் காற்றுக் குழாய் ஒன்றை வயரோடு சேர்த்துக் கட்டி, அதன் நுனி கமராவுக்கு ஒரு சாண் முன்னால் நீட்டும்படி வைத்திருந்தோம். மேல் நுனியில் ஊசி போடுகிற சிறிஞ்ச். உள்ளே கேசரிப் பவுடர் கரைத்த தண்ணீர். கீறலுக்கு முன்னால் போய், தண்ணீர் அடங்கும் வரை பொறுத்து, ஒரு சொட்டுத் தள்ள வேண்டும். நல்ல சுவரில் நிறம் புகை மாதிரி அப்படியே நிற்கும்.

பதினாறு இடத்தில் நின்றது. தூர மூலையில், பம்புக் குழாய் சுவருக்குள் போகிற இடத்தில், குழாய்க்குக் கீழ்ப்பக்கம், செம்மஞ்சள் நிறம் நூலாக நீண்டு சுவருக்குள் புகுந்தது. மருமகன் இன்னொரு சொட்டு விட்டான். அதுவும் புகுந்தது.

அன்ரி குடைக்குள் தலையை நீட்டித் திரையைப் பார்த்தார். "உது பைப் பூட்டின நேரமே வடிவாப் பூசியிருக்க வேணும்" என்றார். அடுத்த நாள் மேசன் அந்த ஒரு முழ இடத்தை மட்டும் கொத்திப் பூசினார்.